கண்ணாடி வீட்டுத் தக்காளியும் என் பத்து விரலும்

டத்தோ கிராமாட், பினாங்கு.
1934 ஜூன் 14, வியாழக்கிழமை.

மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய மச்சான் யூசுப் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய குற்றத்தைத் தவிர வேறொரு குற்றமும் அறியாத ஷேக் அலாவுதீன் சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இறைவன் கிருபையால் இங்கே நானும் ஆசியா பீவியும் ஐந்து கோழிகளும் சுகமாக இருக்கிறோம். நிபோங் திபாலில் தாங்களும் வீட்டாரும் கடையும் சுகம்தான் என்று நம்புகிறேன். தக்காளிக்குத்தான் சுகமில்லை. அதற்காக எழுதுகிற கடிதம் இது. ஆகையால் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படிக்கவும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தாங்கள் வந்திருந்தபோது கொல்லையில் நான் கட்டியிருந்த கண்ணாடி வீட்டைப் பார்த்து, "மச்சான், இது என்ன, குளிக்கிற இடமா?" என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன், இன்றைக்கு விவரமாகச் சொல்கிறேன். இந்த ஊரில் வெட்டவெளியில் தக்காளி போட்டால் மழை விடாது. அடிக்கிற அடியில் இலை அழுகி, காய் அழுகி, போட்டவன் மனசும் அழுகிவிடும். பினாங்கு ரோட்டில் போட்டோப் பிடிக்கும் கடை ஒன்றை மூடி, சாமான்களை லேலாங்கில் ஏலம் போட்டார்கள். வெளிச்சத்துக்காக அதன் கூரையைக் கண்ணாடியால் போட்டிருந்தார்கள். அந்தக் கூரையை அப்படியே எடுத்து வந்து நாலு புறமும் மூங்கில் தட்டி வைத்துக் கட்டினேன். எத்தனை மாப்பிள்ளைகள் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு அதன் கீழே விறைப்பாக நின்றிருப்பார்களோ தெரியாது, பிறகு அதே வெளிச்சத்தில் எழுபது தக்காளிச் செடி நின்றது. கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றுகிறவர்கள் முதல் காய்ப்பை வந்து பார்த்துவிட்டு, "இது பினாங்கில் விளைந்ததா?" என்று கேட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் சூலியா தெருவில் புகையிலை விற்றேன். ஒருவராவது என்னிடம் அப்படி வாயைப் பிளந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டதில்லை. கடையை மாப்பிள்ளை அப்துல் ரசாக்கிடம் ஒப்படைத்துவிட்டு இனி என்ன செய்யப் போகிறோம் என்று மருண்டு கிடந்த எனக்கு, அந்தக் கேள்வி எவ்வளவு இனித்தது என்பதை வேறு யாரிடமும் சொல்ல வெட்கம், தங்களிடம் சொல்கிறேன்.

ஆனால் செடி வளர்த்தது நானில்லை, அய்யாக்கண்ணு. தங்களுக்கு அவனைத் தெரியும். ஒல்லியாக, தலைப்பாகையோடு, எதைக் கேட்டாலும் பாதிப் பதில் சொல்கிறவன். தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவன். முருகனுக்கு ஏதோ வேண்டுதல் என்று வெற்றிலை, புகையிலை, பீடி, கள் ஒன்றும் தொடமாட்டான். புகையிலை வியாபாரியின் வீட்டில் அப்படி ஓர் ஆள் வேலை செய்வது எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. விதை போடுவது, நாற்றுப் பிடுங்கி நடுவது, குச்சி கட்டுவது எல்லாம் அவன். என் வேலை, காலையில் கடைக்குப் போய்வந்து ஒரு தடவை செடிகளை மேற்பார்வை பார்ப்பது. மேற்பார்வை என்றால் சும்மா நின்று பார்க்கிறதா? ஒவ்வொரு செடியிலும் கணுவில் துளிர்க்கிற பக்கக் கொழுந்தைக் கிள்ளிவிடுவேன், தண்டைத் தடவிக் கொடுப்பேன், வாசல் பக்கத்து முதல் செடியிடம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பேசுவேன். இதையெல்லாம் ஆசியா பீவியிடம் காட்டிக்கொள்வதில்லை.

ஏப்ரல் மாதம் முதலில் அந்த வாசல் பக்கத்துச் செடிதான் முகம் மாறியது. இலையில் திட்டுத்திட்டாகக் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்து, சாயம் போன கைலி மாதிரி. நான் உரக்குறை என்று சாணி போட்டேன். அடுத்த வாரம் பக்கத்துச் செடி, அதற்கடுத்த வாரம் அதன் பக்கத்துச் செடி. புது இலை வருகிறது, ஆனால் இலையாக வரவில்லை. சுருங்கி நூலாக நீள்கிறது. செடி குட்டையாகவே நின்றுவிட்டது, பூ கொட்டியது, தப்பிப் பிழைத்த காயில் பழுப்புக் கோடு. புழுவா என்று பார்த்தேன், புழு இல்லை. பள்ளிவாசல் லெபையிடம் ஓதி வாங்கிய தண்ணீர் தெளித்தேன். வேப்பம் பிண்ணாக்கு போட்டேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன்: கடையிலிருந்து நல்ல யாழ்ப்பாணப் புகையிலையாக ஒரு கட்டு எடுத்து வந்து, கழிவு இலை கூட இல்லை மச்சான், முதல் தரம், மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, எல்லாச் செடிக்கும் என் கையாலேயே இலை இலையாகத் தடவினேன். எந்தப் பூச்சியும் புகையிலைத் தண்ணீருக்கு நிற்காது என்பது தொழில் அறிவு. பத்தே நாளில் ஐம்பது செடிக்கு மேல் படுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் எனக்கும் அய்யாக்கண்ணுவுக்கும் சிறிது அபிப்பிராய பேதம் ஏற்பட்டு, அவன் வேலையை விட்டுச் சென்றான். அதை அப்படியே வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பை ஆசியா பீவி ஏற்றுக்கொண்டாள். நான் விவசாய இலாகாவுக்கு மனு எழுதினேன், என் தக்காளிக்கு ஒரு போத்தல் மருந்து அனுப்பவும் என்று.

மருந்து வரவில்லை, இஸ்மாயில் என்று ஒரு மலாய்க்காரர் வந்தார். நடுவயசு, இலாகா உடுப்பு, பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். இந்த டத்தோ கிராமாட்டிலேயே பிறந்து வளர்ந்தவராம், நம்ம பேச்சு என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறார். ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். உரக்குறை என்றால் எல்லாச் செடியும் ஒரே மாதிரி வெளுக்குமாம். இது திட்டுத்திட்டாக இருக்கிறது, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாகப் போயிருக்கிறது, ஆகவே தொற்று என்றார். புழுவும் இல்லை, காளானும் இல்லை, பூதக்கண்ணாடியில் வைத்தாலும் கண்ணுக்கு அகப்படாத ஒன்றாம். செடியின் சாற்றை எவ்வளவு நுண்ணிய வடிகட்டியில் வடித்தாலும் சாறோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுமாம். வைரஸ் என்று பேர் வைத்திருக்கிறார்களாம். கண்ணால் கண்டவர் உலகத்தில் இதுவரை ஒருவரும் இல்லையாம். கண்ணுக்குத் தெரியாததை நம்புவதில் நமக்கென்ன கஷ்டம், உடனே நம்பினேன். "சரி, மருந்து?" என்றேன்.

"மருந்து இல்ல லா, பாய். வந்துச்சுன்னா புடுங்கி எரிக்கணும். வராம பாத்துக்கணும். அவ்வளவுதான்."

பிறகு அவர் ஒரு விநோதமான காரியம் சொன்னார். "நீங்க தெனம் காலைல எப்படிச் சுத்துவீங்களோ, அப்படியே ஒரு தடவ சுத்திக் காட்டுங்க." களவு போன வீட்டில் கள்ளனைக் கூட்டிவந்து நடந்து காட்டச் சொல்வார்களே, அது மாதிரி நானும் நடந்து காட்டினேன். வாசல் பக்கத்துச் செடியில் ஆரம்பித்து, இடதுபுறம் திரும்பி, நடு வரிசை, வலது வரிசை. அவர் நோட்டில் நம்பர் போட்டுக்கொண்டே வந்தார். முடிந்ததும் காட்டினார். நான் போன வழி எதுவோ அதுதான் நோய் போன வழி. ஒரு செடி முன்னே பின்னே இல்லை.

"அந்தக் கடைசி வரிசைக்கு ஏன் போகல?" என்று கேட்டார். சுவரோரமாக எட்டுச் செடி. எட்டும் கரும்பச்சையாக, குச்சியில் நேராக நின்று, கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடந்தன. இறைவனுடைய கிருபைக்கு அடையாளமாக அந்த எட்டையும் நான் தினமும் தூரத்திலிருந்து பார்த்து ஆறுதல் அடைந்துகொண்டிருந்தேன். ஏன் போகவில்லை என்றால், அந்தச் சுவருக்கும் வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளி, அய்யாக்கண்ணு தன் ஒல்லி உடம்புக்கு அளவாக விட்டது. இஸ்மாயில் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். மரியாதை தெரிந்த மனுஷன், அதை நோட்டில் எழுதவில்லை.

"கைய நீட்டுங்க பாய்" என்றார். நீட்டினேன். என் கை தங்களுக்குத் தெரியும், விரல் நுனி பத்தும் பழுப்பு. கடையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் தினம் காலையில் போய்ப் புது மூட்டையைப் பிரித்து, இலையைக் கசக்கி முகர்ந்து, இது எந்த ஊர்ச் சரக்கு என்று அப்துல் ரசாக்குக்குச் சொல்லிவிட்டு, ஒரு துண்டை வாயில் அதக்கிக்கொண்டு நேரே கண்ணாடி வீட்டுக்குத்தான் வருவேன். தக்காளியும் புகையிலையும் ஒரே குடும்பமாம் மச்சான். புகையிலைத் தோட்டத்தில் இந்த நோய் சர்வ சாதாரணமாம். இலையைக் காயப் போட்டு, பதப்படுத்தி, மூட்டை கட்டி, கப்பலேற்றி, கடல் தாண்டினாலும் சாகாதாம், வருஷக்கணக்கில் கிடக்குமாம். விரலில் ஒட்டி, நகக்கண்ணில் தங்கி, கொழுந்தைக் கிள்ளுகிறபோது செடிக்குப் புண் ஆகிறதே, அந்தப் புண் வழியாக உள்ளே போய்விடுமாம். புகையிலைத் தண்ணீர் தடவியதைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அவர் போனபிறகு நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து யோசித்தது, இந்த வயசுவரை நான் யோசித்ததற்கெல்லாம் மேலே. எந்தச் செடி மேல் ஆசை அதிகமோ அதற்குத்தான் முதலில் கொடுத்திருக்கிறேன். நான் தொட்டது படுத்தது, தொடாதது பிழைத்தது. பிரியமாகத்தான் தொட்டேன் என்றால் செடிக்கு அது எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்தது என் விரல்தான். இப்படி மனுஷர்களிடத்திலும் எத்தனை பேரைத் தடவிக் கொடுத்துப் படுக்க வைத்தேனோ என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

சரி, மூடி மூடி எழுதி என்ன ஆகப்போவுது, சொல்லிர்றேன். அபிப்பிராய பேதமும் இல்லை ஒண்ணும் இல்லை. நான் அவனைத் துரத்தினேன். ஐம்பதாவது செடி படுத்த அன்றைக்கு, ஆசியா பீவி நிற்கிறாள், பக்கத்து வீட்டு ஆட்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவு பேருக்கு முன்னால, "உன் கை வெளங்காத கைடா, நீ தொட்டதெல்லாம் நாசமாப் போவுது, தண்ணிமலையிலயும் இதனாலதான் உன்னை அனுப்புனானுவளா?" என்று கேட்டேன்.  மச்சான், அவன் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தான். தன் உள்ளங்கை ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், உண்மையாயிருக்குமோன்னு பார்க்கிற மாதிரி. அப்புறம் போயிட்டான். அந்தக் கைதான் கடைசி வரிசை எட்டுச் செடியையும் வளர்த்த கை. அந்த ஒரு கைதான் இந்த வீட்டிலேயே சுத்தமான கை.

இஸ்மாயில் சொன்னபடி எல்லாம் செய்தாகிவிட்டது. இரண்டு கூலியாட்களை வைத்து, கடைசி வரிசை எட்டைத் தவிர, நோய் கண்டது, அதை ஒட்டி நின்றது எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, குப்பைக் குழியில் கூடப் போடாமல் எரித்தோம். மேல்மண்ணை அள்ளி வெளியே கொட்டி, புது மண் போட்டோம். குச்சி, கயிறு, எல்லாம் புதுசு. கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறோம். கூரைக் கண்ணாடி, கம்பம் எல்லாம் சவுக்காரத் தண்ணீரில் கழுவியாயிற்று. இதே ஜாதி நோய்கள் சிலதைப் பூச்சி சுமந்து வருமாம், அதனால் தட்டிக்கு உட்புறம் மல்துணி கட்டியிருக்கிறேன்; அது ஆசியா பீவியின் பெட்டியில் இருந்த துணி, அதைப் பற்றி அவள் தங்களுக்குத் தனியாக எழுதுவாள். வாசலில் ஒரு பலகை: "புகையிலை, பீடி, சுருட்டு, மூக்குப்பொடி தொட்டவர்கள் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவாமல் உள்ளே வரலாகாது." எழுதி மாட்டிவிட்டுத் திரும்பினேன், நானே வெளியே நிற்கிறேன். இப்போது பத்து நாளாக வாசலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சொந்தச் செடியை ஜெயில் கைதியைப் பார்க்க வந்த உறவுக்காரன் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். புகையிலையை விட்டுவிடலாம் என்று திங்கட்கிழமை தீர்மானித்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் கோழியிடம் சண்டை போட்டேன். இனிமேல் விட்டுவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

புது நாற்று பெட்டியில் ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் நட வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். நடுகிறவன் கை சுத்தமாயிருக்க வேண்டும். கூலிக்கு வந்த இருவரும் காதில் பீடி சொருகிக்கொண்டு வந்தவர்கள். என் கையை நானே நம்பவில்லை. ஆகையால்தான் தங்களைக் கேட்கிறேன். அய்யாக்கண்ணு தங்கள் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஆசியா பீவி சொன்னாள். எந்தத் தோட்டம் என்று அவளுக்கும் தெரியவில்லையாம். தாங்கள் விசாரித்துக் கண்டுபிடித்து, தங்கள் யோசனையாகவே சொல்வது போல் சொல்லி அனுப்ப வேண்டும். சம்பளம் கூட்டித் தருவார்கள் என்று சொல்லவும். ஷேக் அலாவுதீனுக்கு உடம்பு சுகமில்லை, வயசாகிவிட்டது, ஏதோ வாய் தவறியிருப்பார் என்று சொல்லவும். கை விஷயம் மட்டும் பேச்சில் வர வேண்டாம். என் கை விஷயமும் வேண்டாம், அவன் கை விஷயமும் வேண்டாம்.

நானே வரலாம்தான். முழங்கால் வலி, படகில் ஏறினால் தலைசுற்றல், அக்கரையில் பிறைத் துறையில் இறங்கி ரயில் பிடிப்பது வேறு. இப்படி நாலு காரணம் யோசித்து வைத்திருக்கிறேன். உண்மையான காரணம் வெட்கம். கிழவனுக்கு இந்த வயசில் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை மச்சான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, முப்பத்திரண்டு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவனிடம் மற்றவர்கள்தான் வந்து கேட்டார்கள்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் எங்கள் துஆவும் சலாமும். பிள்ளைகளுக்கு நல்ல புத்தியும், தங்களுக்கு இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்து முடிக்கும் பொறுமையும் அல்லாஹ் அருள்வானாக.

தங்கள் அன்புள்ள,
ஷேக் அலாவுதீன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை காலை): மச்சான், தாங்கள் எங்கேயும் போக வேண்டாம், யாரையும் தேட வேண்டாம். தபாலில் போடுவதற்கு முன் கடிதத்தை ஆசியா பீவிக்கு வாசித்துக் காட்டினேன். எட்டுச் செடிக்கு இறைவன் கிருபை என்ற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "கிருபை சரிதான். கண்ணாடிக் கூரைக்குக் கீழ மழை பெய்யுமா? அந்தக் கடைசி வரிசைக்கு யாரு தண்ணி ஊத்துனதுன்னு நெனச்சீங்க?"

"நீதானே ஊத்துற?"

"நான் மட்டும் என்ன ஊசியா, அந்தச் சந்துக்குள்ள போறதுக்கு?"

அவன் நிபோங் திபாலுக்குப் போகவே இல்லையாம். இங்கேதான், ஆற்றோரத்து மாட்டுக்கொட்டகையில் தங்கியிருக்கிறானாம். நான் கடைக்குப் போய் மூட்டையை முகர்ந்து கொண்டிருக்கிற நேரத்தில் தினமும் கொல்லை வழியாக வந்து, தண்ணீர் ஊற்றி, கொழுந்து கிள்ளி, கட்டிவிட்டுப் போகிறானாம். ஆறு வாரமாக. கூலி கொடுத்தால் வாங்கவில்லையாம். "செடி என்னம்மா பண்ணுச்சு? பேச்சு எனக்கும் மொதலாளிக்கும்தானே" என்றானாம். மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னதும் அவன்தானாம். "நான் வர்றது அவருக்குத் தெரிய வேணாம்மா, சங்கடப்படுவாரு" என்று சொன்னானாம்.

என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இத்தனை பக்கம் தங்களுக்கு எழுதினேன். அதை அவன் ஆறு வாரமாகச் சும்மா காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

இன்றைக்கு நான் கடைக்குப் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொல்லைக் கதவு இப்போதுதான் திறந்தது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்கிறது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு போகப் போகிறேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, போகிற வழியில் யோசித்துக்கொள்ள வேண்டும். பத்தடி தூரம்தான் இருக்கிறது.